கேட்டுக்கு வெளியே

பியாட்ரிஸ் மிஸ் குடையை மடக்கிக்கொண்டு சின்னப்பா லைனுக்குள் நுழைந்தால் போதும், டிவி சத்தங்கள் ஒவ்வொன்றாகத் தணியும். கதவெல்லாம் திறந்துதான் இருக்கும், ஆள்தான் இருக்க மாட்டார்கள். குளிக்கப் போயிருப்பார்கள், ரேஷனுக்குப் போயிருப்பார்கள், நேற்றுவரை நன்றாக இருந்த மாமியாரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார்கள். அந்த அம்மா முதல் வகுப்பில் சேர்க்கப் பிள்ளை தேடி அலைகிறாள் என்பது லைனுக்கே தெரியும். லைனில் பாதிப் பேருக்குக் கையைப் பிடித்து எழுதச் சொல்லிக் கொடுத்தவள் அவள். அதனால்தான் ஒளிந்தார்கள். முன்பின் தெரியாதவளாக இருந்தால் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள்.

பியாட்ரிஸ் சின்னப்பா லைன் அரசுத் தமிழ் ஆரம்பப் பள்ளியின் தலைமை ஆசிரியை. தொண்ணூற்றொன்று ஜூனில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். இப்போது இரண்டாயிரத்து ஆறு, ஓய்வு பெற இன்னும் ஒரு வருடம் இருந்தது. அவள் பொறுப்பேற்றபோது காலையில் ஒரு கூட்டம், மத்தியானம் ஒரு கூட்டம் என்று ஷிஃப்ட் போட்டு நடத்த வேண்டியிருந்த பள்ளி அது. பெஞ்சு பற்றாமல் பிள்ளைகள் வராந்தாவில் உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்வார்கள். அந்தச் சத்தம் அல்சூர் ஏரிவரை கேட்கிறது என்று அவள் கணவர் கிண்டல் செய்வார். இப்போது இரண்டாம் வகுப்பு முதல் ஏழாம் வகுப்புவரை எல்லோரையும் ஒரே அறையில் உட்கார வைத்தும் பெஞ்சு மிச்சமாகிறது. மதியச் சாப்பாட்டு வேன்காரன் ஒரே ஒரு தூக்கை இறக்கி வைத்துவிட்டு எஞ்சினைக்கூட அணைக்காமல் போய்விடுகிறான்.

கல்வி அலுவலகத்திலிருந்து ஷோபா வந்து விஷயத்தைச் சொன்னது மே மாதக் கடைசியில். ஷோபா நல்ல பெண். கோலார் பக்கத்துக்காரி, தமிழ் தட்டுத் தடுமாறி வரும். பியாட்ரிஸைவிட இருபது வயது சின்னவள், அதிகாரியாக வந்தாலும் உட்காரச் சொல்லாமல் உட்கார மாட்டாள்.

"இந்த வருஷம் ஃபர்ஸ்ட் ஸ்டாண்டர்டுல சேர்க்கையே இல்லன்னா ஸ்கூல மெயின் ரோடு கன்னட ஸ்கூலோட சேர்த்துடுவாங்க மேடம். லிஸ்ட் ரெடி ஆய்து. நான் என்ன பண்றது" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஒந்து மகு தோர்ஸி மேடம், சாக்கு. ஒரே ஒரு குழந்தை காட்டுங்க. மிச்சத்த நான் மேல பேசிக்கிறேன். ஆனா ஜூன் முப்பதாம் தேதி நானே வந்து பார்க்கணும். குழந்தைகிட்ட தமிழ்ல பேசிப் பார்க்கணும். போன வருஷம் வேற ஒரு ஸ்கூல்ல பக்கத்து அங்கன்வாடிப் பிள்ளைங்கள வாடகைக்குக் கூட்டிட்டு வந்து உட்கார வச்சிருந்தாங்க. நம்பிக் கையெழுத்துப் போட்டேன், மெமோ வந்துது."

ஒரே ஒரு குழந்தை. இவ்வளவு பெரிய ஊரில் ஒரு குழந்தை கிடைக்காதா என்றுதான் பியாட்ரிஸ் முதலில் நினைத்தாள். ஜூன் பாதி கழிந்தபோது கால் வீங்கியதே தவிரப் பிள்ளை கிடைக்கவில்லை.

ஒளியாமல் மாட்டிக்கொண்டவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள். "இங்கிலீஷ் மீடியமா மாத்திட்டீங்களா மிஸ்? அப்படின்னா சொல்லுங்க, இன்னைக்கே சேக்கறேன்" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி குழந்தையைப் பின்னால் மறைத்துக்கொண்டு, "யூனிஃபார்ம் தச்சாச்சு மிஸ்" என்றாள். டை கட்டும் பள்ளி அது. சந்துக்குள் இரண்டு அறையில் நடக்கிறது, விளையாட இடம் கிடையாது, கக்கூஸ் ஒன்றுதான். ஆனால் டை உண்டு. மூன்றாவது வீட்டுக்காரி கொஞ்சம் வாய்த்துடுக்கு. "நம்ம மௌரீன் எந்த ஸ்கூல்ல படிச்சா மிஸ்?" என்று வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டாள்.

மௌரீன் பியாட்ரிஸின் மகள். கான்வென்ட்டில் படித்தவள், இப்போது எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை. பியாட்ரிஸ் குடையை விரித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். அந்தக் கேள்விக்கு அவளிடம் பதினைந்து வருடமாகவே பதில் இல்லை.

வீட்டுக்கு வந்து வெந்நீரில் காலை வைத்தால், "விடு மம்மி. ஒரு வருஷம்தானே. மூடினா வேற ஸ்கூல்ல போடப்போறாங்க, அவ்ளோதானே" என்பாள் மௌரீன். அவ்வளவுதான். அது பியாட்ரிஸுக்கும் தெரியும். தமிழைக் காப்பாற்றப் போகிறோம் என்றெல்லாம் அவள் நினைக்கவில்லை, அந்தப் பேச்சு மேடைக்காரர்களுக்கு. அந்தப் பூட்டைத் தன் கையால் போடக் கூடாது என்பதுதான் அவளுக்கு. தனக்குப் பிறகு யாராவது போட்டுக்கொள்ளட்டும். இந்த ஆசை கொஞ்சம் கேவலமானது என்றும் அவளுக்குத் தோன்றாமல் இல்லை. இருந்தாலும் ஆசைதானே, அதைப் பிடித்துக்கொண்டுதான் தினமும் செருப்பை மாட்டினாள்.

கடைசியில் அவளுக்கு உத்தமன் ஞாபகம் வந்தது.

உத்தமனை நினைத்தால் தொண்ணூற்றொன்று டிசம்பர் ஞாபகம் வரும். அதனாலேயே அவனைக் கடைசிக்கு வைத்திருந்தாள் போலிருக்கிறது. அவள் தலைமை ஆசிரியையாகி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. ஆற்றுத் தண்ணீர்த் தகராறில் ஊர் பற்றிக்கொண்டது. டயர் எரிந்தது, கடை எரிந்தது, தமிழ்நாட்டு நம்பர் வண்டி எதுவும் முழுசாக வீடு திரும்பவில்லை. லைனிலிருந்து சில குடும்பங்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஆனேக்கல் வழியாக ஓசூருக்குப் போயின, பாதி தூரம் நடந்தே. அன்று மத்தியானம் பள்ளியைப் பாதியில் விட்டு, பிள்ளைகளைத் தெருத் தெருவாகக் கொண்டுபோய் அவளே வீட்டில் சேர்த்தாள். கடைசியாக மிஞ்சியவன் ஏழாம் வகுப்பு உத்தமன். வகுப்பில் முதல் பையன். தமிழ்ப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, பயம் தெரியாமல் இருக்கச் சத்தமாகப் பாடம் ஒப்பித்துக்கொண்டே வந்தான்.

பஸ் ஸ்டாப் பக்கம் நின்ற நாலைந்து பேர் வழிமறித்தார்கள். அவர்களுக்கும் இருபது வயதுக்கு மேல் இருக்காது. ஒருவன் குனிந்து பையனிடம் பேர் கேட்டான். உத்தமன் பதில் சொல்ல வாயைத் திறந்தான். பியாட்ரிஸ் யோசிக்கவில்லை. பின்னாலிருந்து அவன் வாயைத் தன் உள்ளங்கையால் இறுக்கி மூடினாள். "நன் மக. கண்டலு நோவு, மாத்தாடக் ஆகல்லா" என்றாள் கன்னடத்தில். என் பையன்தான், தொண்டை வலி, பேச முடியாது என்று. அவள் கழுத்தில் கிடந்த சிலுவையை அவர்கள் பார்த்தார்கள். புத்தகம் அவள் முந்தானைக்குள் போயிருந்தது. ஏதோ முணுமுணுத்துக்கொண்டு வழிவிட்டார்கள். லைனுக்குள் நுழைந்து அவன் வீட்டு வாசல் வந்த பிறகுதான் கையை எடுத்தாள். கையெல்லாம் அவன் கண்ணீராக இருந்தது.

மறுநாளே கேட்டுக்கு மேலிருந்த போர்டில் தமிழ் எழுத்தைச் சுண்ணாம்படித்து மறைத்தாள். ஏணியைப் பிடித்தவர் கோவிந்தப்பா, பள்ளியின் கன்னட வாத்தியார். மூன்று நாள் அவர் கேட்டிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பள்ளிமேல் ஒரு கல் விழவில்லை. பள்ளி திரும்பத் திறந்ததும் பியாட்ரிஸ் ஒரு சட்டம் போட்டாள். உள்ளே தமிழில் படி, தமிழில் சண்டை போடு, எதுவேண்டுமானாலும் செய். கேட்டுக்கு வெளியே தமிழ் வேண்டாம். புத்தகம் பைக்குள் இருக்க வேண்டும், கையில் கூடாது. மறந்து தொலைப்பார்கள் என்பதால் அதற்கு ஒரு பயிற்சியும் வைத்தாள். சாயங்காலம் மணி அடித்ததும் அவள் கேட்டில் நிற்பாள். போய்விட்டு வருகிறேன் என்பதை ஒவ்வொரு பிள்ளையும் கன்னடத்தில் சொல்லிவிட்டுத்தான் கேட்டைத் தாண்ட வேண்டும். "ஹோக்பர்தீனி மிஸ்." சொன்னால் கேட்டு திறக்கும். மறந்து தமிழில் சொன்னவனை வரிசையின் கடைசிக்கு அனுப்புவாள், இரண்டாம் முறை மறந்தால் கையில் ஒன்று விழும். உத்தமன் ஒருநாளும் மறந்ததில்லை.

லைனே அவளைக் கொண்டாடியது. எங்கள் மிஸ் இல்லாவிட்டால் பிள்ளைகள் என்ன ஆகியிருக்கும் என்று பெண்கள் குழாயடியில் பேசிக்கொண்டார்கள். மாதா கோயில் திருவிழாவில் அவளுக்கு இடம் விட்டு ஒதுங்கி நின்றார்கள்.

கலாட்டா அடங்கிவிட்டது. ஓசூர் போனவர்கள் திரும்பி வந்தார்கள், கடைக்காரர்கள் புது ஷட்டர் போட்டார்கள், சண்டை போட்டவர்களே ஒரே கடையில் டீ குடித்தார்கள். பள்ளியில் மட்டும் பயிற்சி நடந்துகொண்டே இருந்தது. பழகிப்போனதை யார் நிறுத்துவார்கள்? பிரேயர் மாதிரி, மணி மாதிரி அதுவும் ஒன்றாகிவிட்டது. ஏன் என்று புதுப் பிள்ளைகள் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. கேட்ட ஒரே ஆள் கோவிந்தப்பாதான், அதுவும் போர்டைப் பற்றி.

"போர்டு பரெஸோணா மேடம்" என்பார் ஒவ்வொரு ஜூனிலும். போர்டில் பழையபடி தமிழையும் எழுதிவிடலாம் என்று. "என் மாத்ருபாஷைக்கு ஒண்ணும் குறைஞ்சு போகாது. அது தமிழ் ஸ்கூல்னு ஜனங்களுக்குத் தெரிய வேண்டாமா?"

"அடுத்த வருஷம் பார்க்கலாம் சார். இப்ப எதுக்கு வம்பு?" என்பாள் பியாட்ரிஸ். அவர் ஓய்வு பெற்ற அன்று மாலையும் கழுத்துமாக நின்று, பெயிண்ட் வாங்கித் தருகிறேன் என்றுகூடச் சொன்னார். அன்றும் அதே பதில்தான். பிறகு இலாகாவே புது போர்டு அனுப்பியது, கன்னடத்தில். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. பத்தடி தள்ளிக் குடிவந்தவர்களுக்குக்கூட அது தமிழ்ப் பள்ளி என்று தெரியாமல் போனதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

உத்தமன் இப்போது வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனிக்குக் கார் ஓட்டுகிறான். லைனிலேயே மாடி எடுத்து டைல்ஸ் போட்ட வீடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை பியாட்ரிஸ் போனபோது கீழே காரைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் துணியைப் போட்டுவிட்டு ஓடிவந்து காலைத் தொட்டான்.

"பன்னி மேடம், பன்னி, ஒளகடெ பன்னி" என்று கன்னடத்தில் உள்ளே அழைத்தான். மேடமாம். கார் ஓட்டுகிறவர்களின் பழக்கதோஷம் என்று அவள் சிரித்துக்கொண்டாள்.

மாடி ஏறி உள்ளே போனதும் அவன் கதவைச் சாத்தினான், ஜன்னலையும் இழுத்து மூடினான். தெருச் சத்தம் தொந்தரவு போலிருக்கிறது என்று நினைத்தாள். கதவு சாத்தியதும் அவன் பழைய உத்தமனாகிவிட்டான்.

"இன்னா மிஸ், இப்டி எளச்சுப் போய்ட்டீங்க? ஒக்காருங்க மிஸ். ஏய், டீ போடு, மிஸ்ஸுக்கு சக்கர கம்மி."

அவன் மனைவி டீ போட்டாள். மகள் வைஷ்ணவிக்கு ஐந்தரை வயது. வந்தவளின் மடியில் வெட்கமே இல்லாமல் ஏறிக்கொண்டாள். மாடியில் ஒரு பூனை மூன்று குட்டி போட்டதையும், அதில் வெள்ளைக் குட்டிக்கு மட்டும் கண் திறக்காததையும், அப்பா தூக்கிப் போட்டுவிடுவேன் என்று மிரட்டியதையும் மூச்சு விடாமல் சொன்னாள். அத்தனையும் தமிழில். கணீரென்ற தமிழ், ழகரம்கூடத் தடுக்கவில்லை. பியாட்ரிஸுக்கு அந்தப் பேச்சை அப்படியே தூக்கிக்கொண்டு போய் ஷோபா முன்னால் வைக்க வேண்டும் போலிருந்தது.

அவள் வந்த காரியத்தைச் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. "உன் பொண்ண முதல் வகுப்புல சேர்ப்பா. ஒரு வருஷம் போதும். நான் ரிடையர் ஆனதும் நீ எங்க வேணா மாத்திக்கோ. தலைகீழா நின்னு பார்த்துட்டேன், வேற ஆள் இல்ல எனக்கு."

உத்தமனும் அவன் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டை கட்டும் பள்ளியில் இடம் பேசி வைத்திருப்பார்கள், அது அவளுக்கும் தெரிந்தது. கொஞ்ச நேரம் அவன் டீ தம்ளரையே உருட்டிக்கொண்டிருந்தான்.

"ஒங்க பேச்ச தட்ட முடியாது மிஸ்" என்றான் பிறகு. "அன்னைக்கு நீங்க என் வாயப் பொத்தலன்னா இன்னைக்கு நான் இல்ல. என் பொண்டாட்டிக்கு நூறு வாட்டி சொல்லியிருக்கேன், கேட்டுப் பாருங்க. நீங்க சொல்லிக் குடுத்த மாதிரிதான் மிஸ் இன்னைக்கும் இருக்கேன். அதனாலதான் யார்கிட்டயும் ஒரு வம்பும் இல்லாம ஓடுது."

பியாட்ரிஸ் அவன் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் செய்தாள். அவன் சொன்னதில் பாதிதான் அவள் காதில் விழுந்தது. குழந்தை கிடைத்துவிட்டது என்பதே காது நிறைய இருந்தது. வீடு திரும்பும் வழியில் மாதா சிலை வைத்த கெபியில் மெழுகுவத்தி ஏற்றினாள், அன்றிரவு கால்வலி இல்லாமல் தூங்கினாள்.

முப்பதாம் தேதி காலையில் வைஷ்ணவியை அவள் அம்மா கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனாள். இரட்டைச் சடை, புது ரிப்பன், நீல யூனிஃபார்ம். தன் சொந்தப் பேத்தி வந்தால்கூட பியாட்ரிஸ் அப்படிக் கவனித்திருப்பாளா சந்தேகம். முதல் பெஞ்சில் உட்கார வைத்தாள், ஆயா சரசுவிடம் சொல்லி வாழைப்பழம் வாங்கிக் கொடுத்தாள். குழந்தை சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. பூனைக்குட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டதற்குச் சிரித்ததே தவிர ஒன்றும் சொல்லவில்லை. புது இடம், பழகட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஷோபா மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்தாள். குழந்தையைப் பார்த்ததும் அவளுக்கும் முகம் மலர்ந்துவிட்டது. பக்கத்தில் குனிந்து, தன் தடுமாறும் தமிழில், "உன் பேர் என்னம்மா?" என்று கேட்டாள்.

வைஷ்ணவி வாயைத் திறக்கவில்லை.

"பயப்படாதே. அம்மா பேர் என்ன? வீட்ல என்ன சாப்பிட்டே?"

குழந்தை பியாட்ரிஸைப் பார்த்தது, திறந்திருந்த ஜன்னலைப் பார்த்தது, உதட்டை இறுக்கிக்கொண்டது. ஷோபா நிமிர்ந்து பியாட்ரிஸைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "நின் ஹெஸரேனு புட்டீ?" என்று பேரைக் கன்னடத்தில் கேட்டாள்.

"நன் ஹெஸரு வைஷ்ணவி" என்று பட்டென்று வந்தது பதில். "நம் அப்பா கார் ஓடிஸ்தாரே. நம் மனேலி பெக்கு மரி ஹாக்கிதே." பூனை குட்டி போட்ட கதை அத்தனையும் கன்னடத்தில், ஒரு சொல் தவறாமல்.

ஷோபா அதைக் கேட்டு முடிக்கும்வரை பொறுமையாக நின்றாள். "சுட்டிக் குழந்தை மேடம்" என்றாள். "ஆனா இது கன்னடக் குழந்தை ஆச்சே. யார் வீட்டுக் குழந்தை? நிஜமாவே சேர்த்ததா, இல்ல இன்னைக்கு மட்டும்..." அந்தக் கேள்வியை முடிக்க அவளுக்கே கூச்சமாக இருந்தது.

பியாட்ரிஸுக்கு முகம் எரிந்தது. முப்பத்துநாலு வருடம் வேலை பார்த்துவிட்டு வாடகைக்குப் பிள்ளை பிடித்தவள் என்று பெயர் வாங்க வேண்டுமா? "இல்ல ஷோபா, தமிழ்க் குழந்தைதான். எங்கிட்ட படிச்ச பையனோட பொண்ணு. இருங்க, அவனையே கேளுங்க" என்று செல்போனை எடுத்து உத்தமனை அழைத்தாள்.

"ஹேளி மேடம்", சொல்லுங்கள் என்றது உத்தமன் குரல். முன்பின் தெரியாத யாரோ ஒரு அம்மாளிடம் பேசுகிற குரல்.

"உத்தமா, பாப்பா தமிழ்ல பேச மாட்டேங்கறா. அதிகாரி வந்து நிக்கறாங்க. பேசலாம்னு நீ ஒரு வார்த்த சொல்லுப்பா. போன அவ காதுல வைக்கறேன்."

காருக்குள் பின்சீட்டில் இரண்டு மூன்று பேர் பேசிச் சிரிப்பது தெளிவாகக் கேட்டது. மதுரைப் பக்கத்துத் தமிழ். எவனோ ஒருவன் சனிக்கிழமை ஊருக்குப் போக டிக்கெட் கிடைக்காததைத் தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொல்லிக்கொண்டிருந்தான். நேற்று வந்த பிள்ளைகள், அவர்களுக்கு ஒரு பயமும் இல்லை.

"காடீலி பாசெஞ்சர் இத்தாரே மேடம். ஆமேலே மாட்தீனி" என்றான் உத்தமன். வண்டியில் ஆள் இருக்கிறார்கள், அப்புறம் பேசுகிறேன் என்று. போன் கட்டாகிவிட்டது.

பியாட்ரிஸ் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். கதவைச் சாத்தியது, ஜன்னலை மூடியது, கீழே மேடம் என்றது, மேலே மிஸ் என்றது எல்லாம் அப்போதுதான் அவளுக்கு ஒவ்வொன்றாக விளங்கிற்று. பின்சீட்டில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அவன் ஒரு கன்னடக்கார டிரைவர். தினமும் அவர்கள் பேசுவதெல்லாம் அவனுக்குப் புரியும். ஒருநாளும் காட்டிக்கொண்டிருக்க மாட்டான். அவன் வகுப்பில் முதல் பையன் அல்லவா.

அவள் முட்டிக்கால் போட்டுக் குழந்தையின் முன்னால் உட்கார்ந்தாள். அந்த வயதில் அப்படி உட்காருவது லேசில்லை. "இது பள்ளிக்கூடம் கண்ணு. இங்க பேசலாம். பூனைக்குட்டிக்குக் கண்ணு திறந்துச்சா? ஒரு வார்த்த சொல்லு. மிஸ்ஸுக்காக."

குழந்தை யோசித்தது. பிறகு பெஞ்சிலிருந்து எட்டி, பியாட்ரிஸின் காதைச் சுற்றி இரண்டு கையையும் குவித்து, மூச்சுக் காற்று மட்டுமே குரலாக, "வாசலுக்கு வெளிய தமிழ் பேசக் கூடாது மிஸ். பேசினா அப்பா அடிப்பாங்க" என்றது.

"ஏனு ஹேளித்ளு?" என்றாள் ஷோபா ஆவலாக. என்ன சொன்னாள்? "தமிழா மேடம்? தமிழ்ல ஏதாவது சொன்னாளா?"

தமிழ்தான். சுத்தமான தமிழ். இதைச் சொன்னால் போதும், ஷோபா நம்பிவிடுவாள். நல்ல பெண், கையெழுத்துப் போட்டுவிடுவாள். பியாட்ரிஸ் சொல்வதற்கு வாயைத் திறந்தாள். கேட்டுக்கு வெளியே என்று தான் போட்ட கோட்டை உத்தமன் தன் வீட்டு வாசலுக்கு நகர்த்திக்கொண்டுவிட்டான். அந்தக் கணக்கில் இந்தப் பள்ளியும் வெளியேதான் இருக்கிறது. தமிழ் பேசக் கூடாது என்று ஒரு குழந்தை தமிழில் சொன்னதைத் தமிழ்ப் பள்ளிக்கு எப்படிச் சாட்சியாகக் காட்டுவது? காட்டினால், அதைச் சத்தமாகச் சொல்லு என்று இன்னொரு முறை குழந்தையைக் கேட்பார்கள். அதன் கை இன்னும் அவள் தோளை விடவில்லை.

"ஏனூ இல்லா" என்றாள் பியாட்ரிஸ். ஒன்றுமில்லை. அதையும் கன்னடத்தில்தான் சொன்னாள்.

ஷோபா இன்னும் கொஞ்ச நேரம் இருந்தாள். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள், கர்ச்சீஃபால் முகத்தைத் துடைத்தாள். திங்கட்கிழமை ஒரு தரம் வந்து பார்க்கட்டுமா என்றுகூடக் கேட்டாள். வேண்டாம் என்றாள் பியாட்ரிஸ், உள்ளதை எழுதிக்கொள்ளுங்கள் என்றாள். ஷோபா போகும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஸாரி மேடம்" என்றாள். மன்னிப்புக் கேட்க வேண்டியவள் ஷோபா இல்லை. ஆனால் அதை விளக்கிச் சொல்ல பியாட்ரிஸுக்குத் தெம்பு இல்லை.

சாயங்காலம் சரசு மணி அடித்தாள். பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு வரிசையாக வந்தார்கள். பள்ளி போகப்போகிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. பியாட்ரிஸ் வழக்கம்போல் கேட்டில் நின்றாள். நிற்காமல் ஓடிவிடலாமா என்று இருந்தது, கால்தான் பழக்கத்தில் அங்கே கொண்டுபோய் நிறுத்தியது. ஒவ்வொருவராக, "ஹோக்பர்தீனி மிஸ்", "ஹோக்பர்தீனி மிஸ்" என்று சொல்லிவிட்டுக் கேட்டைத் தாண்டினார்கள்.

கடைசியாக வைஷ்ணவி. முதல் நாள்தான், யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, முன்னால் போனவர்களைப் பார்த்தே பிடித்துக்கொண்டுவிட்டது. கேட்டுக்கு அந்தப் பக்கம் அவள் அம்மா தெருவில் காத்துக்கொண்டிருந்தாள்.

"ஹோக்பர்தீனி மிஸ்" என்றது குழந்தை, எல்லோரையும்விட உரக்க, ஒரு பிசிறு இல்லாமல்.

அதன் ரிப்பன் அவிழ்ந்திருந்தது. பியாட்ரிஸ் குனிந்து அதைக் கட்டினாள். கட்டும்போது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, துடைத்துக்கொள்ளவில்லை. பதினைந்து வருடத்தில் ஒருமுறையும் அந்தக் கேட்டில் நின்று சொல்லாததை அன்று சொன்னாள்.

"போய்ட்டு வா கண்ணு. நாளைக்கு வந்து அந்த வெள்ளக் குட்டி..."

குழந்தை திடுக்கிட்டது. தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தது. பிறகு குனிந்திருந்த பியாட்ரிஸின் வாயைத் தன் சின்ன உள்ளங்கையால் இறுக்கி மூடியது. காலையில் சாப்பிட்ட வாழைப்பழ வாசம் அந்தக் கையில் இருந்தது. தெருவில் போகிறவர்கள் போய் முடியும்வரை குழந்தை கையை எடுக்கவில்லை. பியாட்ரிஸும் அதை விலக்கவில்லை.